பூலில் பந்து போடும் திறனை வளர்க்கும் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூல் ஆட்டத்தின் விதிகளை அறிந்து, எளிய பந்துகளைப் போடவும் பழகி, அதற்கு மேல் முன்னேற்றம் நின்றுவிட்டது என்று உணர்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கியூ என்னும் கோலால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்தைக் ‘கியூ பந்து’ என்றும், பாக்கெட்டில் போட வேண்டிய பந்தை ‘இலக்குப் பந்து’ என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறேன். இருந்தும் பந்து போடும் திறன் கூடவில்லையே, ஏன்?

நீங்கள் ஆடுகிறீர்கள், ஆனால் பயிற்சி செய்யவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஆட்டத்தில் ஒரே ஷாட் அதே இடத்தில் இரண்டாம் முறை வருவதில்லை. ஒரு பந்தைத் தவறவிட்டால் மேசை எதிராளியிடம் போய்விடுகிறது. உங்கள் முறை திரும்ப வரும்போது பந்துகள் வேறு இடங்களில் கிடக்கின்றன. ஏன் தவறியது என்று பார்க்கவோ, திருத்திக்கொண்டு மறுபடி அடிக்கவோ வாய்ப்பே இல்லை. இப்படி நூறு ஆட்டங்கள் ஆடினாலும், பழைய பிழை இன்னும் ஆழமாகக் கையில் படியுமே தவிர விலகாது.

பயிற்சி என்பது ஒரே ஷாட்டை ஒரே இடத்தில் வைத்து, தவறியதன் காரணம் தெரியும்வரை அடிப்பது. அதற்குப் பந்துகளை இம்மி பிசகாமல் அதே இடத்தில் திரும்ப வைக்க முடிய வேண்டும். கோப்பில் இடும் தாள்களின் துளை கிழியாமலிருக்க ஒட்டும் சிறு வளைய ஸ்டிக்கர்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. பந்து வளையத்தின் நடுவில் அசையாமல் உட்காரும். ஸ்டிக்கர் மெல்லியதாக இருப்பதால் பந்தின் ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காது. மேசைக்கு உரியவரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

எந்த ஷாட்டில் தொடங்க வேண்டும்?

நேர் ஷாட்டில். கியூ பந்து, இலக்குப் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும் ஷாட்டைப் பலர் எளிது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பந்துகளுக்கிடையே தூரம் கூடினால் பூலில் அதைவிடக் கடுமையான தேர்வு வேறு அதிகம் இல்லை.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம், அதாவது ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். போட்டி மேசையின் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 4½ அங்குலம். இரண்டு பந்துகளை அருகருகே வைத்தால் அதில் சரியாக அடங்கும். எனவே உள்ளே போகும் பந்தின் மையம், பாக்கெட்டின் நடுவிலிருந்து இரு பக்கமும் 28 மில்லிமீட்டர் அளவே விலகலாம். இலக்குப் பந்து பாக்கெட்டிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால், அது செல்லும் திசையில் இருபுறமும் சுமார் 1.6 பாகை பிழை வரை தாங்கும். இது தாராளமாகத் தோன்றும். ஆனால் அந்த எல்லைக்குள் இலக்குப் பந்தை அனுப்ப, கியூ பந்து வந்து மோதும் இடம் பக்கவாட்டில் சுமார் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அது ஒரு தீக்குச்சியின் தடிமனைவிடக் குறைவு. கியூ பந்தும் ஒரு மீட்டர் பின்னாலிருந்து வருகிறது என்றால், உங்கள் கியூ செல்லும் திசையில் பத்தில் ஒரு பாகைப் பிழைதான் அனுமதி.

ஆகவே தொடக்கத்தில் தூரத்தைக் குறையுங்கள். மூலைப் பாக்கெட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி இலக்குப் பந்தையும், அதற்குப் பின்னால் அதே கோட்டில் இரண்டு சாண் தள்ளிக் கியூ பந்தையும் வையுங்கள். பத்துக்குப் பத்து போட்ட பிறகு, கியூ பந்தை மட்டும் அரைச் சாண் பின்னுக்கு நகர்த்துங்கள். மேசையின் மூலைவிட்டம் முழுவதையும் எட்ட மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்பட வேண்டியதில்லை.

குறி தவறியதா, கை தவறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சியில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு விடை தெரியாமல் அடித்துக்கொண்டிருப்பவர், கையில் உள்ள பிழைக்காகக் குறிபார்க்கும் முறையை மாற்றிக்கொண்டே இருப்பார்.

விடையைக் கியூ பந்தே சொல்லும். நேர் ஷாட்டை ‘ஸ்டாப் ஷாட்’ ஆக அடியுங்கள். அதாவது, இலக்குப் பந்தை மோதிய இடத்திலேயே கியூ பந்து நின்றுவிட வேண்டும். மோதும் கணத்தில் கியூ பந்து முன்னோக்கியும் பின்னோக்கியும் உருளாமல் வழுக்கிக்கொண்டு வந்தால்தான் அது நிற்கும். மையத்துக்குக் கீழே அடிப்பதால் வரும் பின்சுழற்சியை மேசைத் துணியின் உராய்வு வழியிலேயே தேய்த்துவிடுவதால், தூரம் கூடக்கூட மையத்துக்கு இன்னும் கீழே அடிக்க வேண்டியிருக்கும்.

இனி, தவறிய ஷாட்டைப் பாருங்கள். இலக்குப் பந்து பாக்கெட்டுக்கு இடப்புறம் விலகிப் போய், கியூ பந்து மெல்ல வலப்புறம் நகர்ந்ததென்றால், கியூ பந்து கோட்டுக்கு வலப்பக்கமாக வந்து மோதியிருக்கிறது. அடுத்து, நின்ற கியூ பந்து பம்பரம்போல் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவில்லை என்றால், பந்தின் மையத்தில்தான் அடித்திருக்கிறீர்கள், ஆனால் கியூவையே தவறான திசையில் வைத்திருந்தீர்கள். பிழை பெரும்பாலும் நிற்கும் நிலையிலோ பார்வையிலோ இருக்கிறது. சுழன்றால், கியூவின் நுனியான டிப் மையத்தை விட்டு விலகிப் பட்டிருக்கிறது. பிழை கையில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றால் டிப் வலப்பக்கம் பட்டது என்றும், முள் செல்லும் திசையில் சுழன்றால் இடப்பக்கம் பட்டது என்றும் கொள்ளலாம்.

வெள்ளைப் பந்தில் சுழற்சி கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதனால் பட்டை போட்ட பந்து ஒன்றைக் கியூ பந்தாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டையைச் சக்கரம்போல் நிமிர்த்தி, அடிக்கும் கோட்டின் திசையில் வைத்து, மையத்துக்குச் சற்று மேலே அடித்து எதிர்க் குஷனுக்கு (மேசை விளிம்பின் ரப்பர் பகுதிக்கு) அனுப்புங்கள். பட்டை ஆடாமல் உருண்டால் அடி மையக்கோட்டில் பட்டிருக்கிறது. தள்ளாடினால் படவில்லை. பந்தை எடுத்துப் பார்த்தால், டிப்பில் தடவும் சாக்கின் நீலப் புள்ளி எங்கே பதிந்திருக்கிறது என்பதும் தெரியும்.

இடப்பக்கம் வெட்டிப் போடும் ஷாட்டுகளை, அதாவது இலக்குப் பந்தின் பக்கவாட்டில் மோதிக் கோணமாக அனுப்பும் ஷாட்டுகளை, நான் வெகுகாலம் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணில்தான் கோளாறு என்று நம்பி, குறிபார்க்கும் முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் கைபேசியை மேசையின் மறுமுனையில் நிறுத்தி என்னையே படம்பிடித்தேன். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கும் ஒத்திகை வீச்சுகள் அனைத்தும் நேராக இருந்தன. கடைசி வீச்சில் மட்டும், கியூவின் பின்பகுதியைப் பிடிக்கும் கையின் (பின்கையின்) விரல்கள் கியூவை இறுக்கிப் பிடித்தன, டிப் ஒரு பக்கமாக வளைந்து சென்றது. பிடியைத் தளர்த்திப் பழகிய பிறகே அந்த ஷாட்டுகள் விழத் தொடங்கின.

நிற்கும் முறை, பிரிட்ஜ் (கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கையமைப்பு), பிடி ஆகியவற்றில் கட்டாயம் கவனிக்க வேண்டியவை எவை?

முதலாவது, குறியை நிமிர்ந்து நிற்கும்போதே தீர்மானிக்க வேண்டும். ஷாட்டின் கோட்டுக்குப் பின்னால் நின்று கோட்டைப் பார்த்து, பாதத்தை அதன்மேல் வைத்து, அப்படியே அந்தக் கோட்டில் குனிய வேண்டும். குனிந்த பிறகு கியூவைப் பக்கவாட்டில் நகர்த்திக் குறியைச் சரிசெய்வது ஏராளமான தவறிய ஷாட்டுகளுக்குக் காரணம். சரியில்லை என்று தோன்றினால் எழுந்து மறுபடி தொடங்குங்கள்.

இரண்டாவது, கியூ முகத்தின் எந்தப் பகுதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஆதிக்கக் கண்ணின் கீழும், சிலருக்கு இரு கண்களுக்கும் நடுவிலும் அமையும். நேர் ஷாட்டில் தலையைச் சற்று இடவலமாக நகர்த்தி, எந்த இடத்தில் அந்தக் கோடு நேராகத் தெரிகிறதோ, அதுவே உங்கள் இடம்.

பிரிட்ஜ் கைக்கும் கியூ பந்துக்கும் இடையே 20 முதல் 25 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான ஷாட்டுகளுக்குப் போதும். டிப் பந்தைத் தொடும் கணத்தில் பின்கையில் முழங்கைக்குக் கீழுள்ள பகுதி செங்குத்தாகத் தொங்க வேண்டும். டிப் பந்தோடு ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. அப்படியானால், அடித்த பிறகு கியூவை முன்னே செல்ல விடுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். அடித்தவுடன் நிறுத்த எண்ணும் கை, அடிப்பதற்கு முன்பே இறுகித் தயங்கத் தொடங்கிவிடுகிறது. அதைத் தடுப்பதுதான் பயன்.

வெட்டிப் போடும் ஷாட்டுக்குக் குறிபார்ப்பது எப்படி?

பாக்கெட்டிலிருந்து இலக்குப் பந்தின் வழியாகக் கோடு இழுத்தால், அது பந்தின் மறுபுறம் வெளிவரும் புள்ளிதான் தொடுபுள்ளி. புதியவர்கள் கியூ பந்தின் மையத்தை அந்தப் புள்ளியை நோக்கியே அனுப்புகிறார்கள். கியூ பந்துக்கும் பருமன் உண்டு. அதன் மையம் அந்தப் புள்ளியை எட்டுமுன்பே அதன் விளிம்பு இலக்குப் பந்தின் வேறொரு இடத்தில் மோதிவிடும். அதனால் ஷாட் எப்போதும் தடிப்பாகவே, அதாவது இலக்குப் பந்தின் நடுவை வேண்டியதைவிட நெருங்கி மோதுவதாகவே, விழுகிறது.

இதற்குத் தீர்வு ‘கோஸ்ட் பால்’ எனப்படும் கற்பனைப் பந்து. மோதும் கணத்தில் கியூ பந்து எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரு பந்து இருப்பதாக எண்ணி, அதன் மையத்தை நோக்கி அடிக்க வேண்டும். அந்த மையம், பாக்கெட் கோட்டில் இலக்குப் பந்தின் மையத்திலிருந்து ஒரு முழுப் பந்தின் விட்டம் பின்னால் இருக்கும். கற்பனைக்கு வராதவர்கள், உண்மையான பந்து ஒன்றை இலக்குப் பந்தோடு ஒட்டி, பாக்கெட்டுக்கு நேராக வைத்து, கியூ பந்திருக்கும் இடத்திலிருந்து நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டு அடித்துப் பழகலாம். ஐம்பது முறைக்குப் பிறகு அந்த இடம் தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

இதோடு ஒரு கோணத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: அரைப்பந்து அடி. கியூ பந்தின் மையத்தை இலக்குப் பந்தின் விளிம்புக்கு நேராக அனுப்பினால், இலக்குப் பந்து 30 பாகையில் பிரிந்து செல்லும். கியூ பந்து இலக்குப் பந்தின் முக்கால் பங்கை மூடும்படி மோதினால் சுமார் 14 பாகையும், கால் பந்து மூடினால் சுமார் 49 பாகையும் வரும். விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் என்பதால், 30 பாகையை இருபுறமும் ஐயமறப் பழகிக்கொண்டால், மற்றக் கோணங்களை ‘இதைவிடத் தடிப்பு’, ‘இதைவிட மெல்லியது’ என்று ஒப்பிட்டு அறியலாம்.

மெல்லிய வெட்டுகள் கடினமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மோதும் இடத்தில் ஏற்படும் அதே சிறு பிழை, நேர் ஷாட்டில் இலக்குப் பந்தை எவ்வளவு திருப்புமோ, 60 பாகை வெட்டில் அதைப்போல் இரு மடங்கு திருப்பிவிடும்.

சரியாகக் குறிபார்த்தும் பந்து தடிப்பாகவே போகிறது. ஏன்?

இரண்டு பந்துகள் மோதும்போது அவற்றின் மேற்பரப்புகள் கணநேரம் உரசுகின்றன. அந்த உராய்வு, இலக்குப் பந்தைக் கியூ பந்து செல்லும் திசைக்குச் சற்று இழுத்துச் செல்கிறது. இதை ‘த்ரோ’ என்பார்கள். மெதுவாக, சுழற்சியே இல்லாமல் வழுக்கி வரும் பந்தில் இது மிகுதி. சில பாகை அளவுக்குக்கூட விலகலாம். ஆகவே மெல்லத் தட்டும் வெட்டு ஷாட்டுகளில் கற்பனைப் பந்தைவிடச் சற்று மெல்லியதாக அடிக்கப் பழக வேண்டும். பந்துகள் அழுக்காக இருந்தால் இந்த இழுப்பு கூடும். பயிற்சிக்கு முன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

பக்கச் சுழற்சியைப் பயிற்சியில் எப்போது சேர்க்கலாம்?

மையத்தில் அடிப்பது உறுதிப்பட்ட பிறகு. வலப்பக்கம் அடித்தால் கியூ பந்து முதலில் இடப்பக்கமாக விலகிச் செல்லும். கியூவின் பின்பகுதி உயர்ந்திருந்தால் பின்னர் வலப்பக்கமாக வளையும். மோதும்போது சுழற்சி இலக்குப் பந்தின் திசையையும் மாற்றும். இந்த மூன்றும் வேகத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாறுபவை. மையத்தில் அடிக்கவே தடுமாறும் ஒருவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால், எதனால் தவறியது என்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டத்தில் வரும் ஷாட்டுகளில் பெரும்பகுதியை மையக்கோட்டில் மேலும் கீழும் அடித்தே முடித்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு வேகத்தில் அடிப்பது நல்லது?

வேகமாக வரும் பந்து பாக்கெட்டின் உதட்டில் பட்டால் துள்ளி வெளியேறும். அதே இடத்தில் மெதுவாகப் பட்ட பந்து உள்ளே விழுந்துவிடும். ஆகவே மெதுவான ஷாட்டுக்குப் பாக்கெட் பெரியது என்றே சொல்லலாம். அதற்காக, பந்து பாக்கெட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்குத் தட்டினால் த்ரோவும் மேசையின் சாய்வும் குறுக்கிடும். பந்து பாக்கெட்டின் பின்சுவரைத் தொட்டு விழும் வேகம் பொதுவாக ஏற்றது.

வேகத்துக்குத் தனிப் பயிற்சி தேவை. இலக்குப் பந்து இல்லாமல், கியூ பந்தை எதிர்க் குஷன் அருகே நிற்கும்படி அனுப்புங்கள். பிறகு அது எதிர்க் குஷனில் பட்டு உங்கள் பக்கக் குஷனுக்கே திரும்பி வந்து நிற்கும்படியும், அடுத்து மூன்று நீளம், நான்கு நீளம் செல்லும்படியும் அனுப்புங்கள். தினமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

குஷனோடு ஒட்டிக் கிடக்கும் பந்தை எப்படிப் போடுவது?

இங்கே கற்பனைப் பந்தும் குஷனைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே கியூ பந்து குஷனையும் இலக்குப் பந்தையும் ஒரே கணத்தில் தொட வேண்டும். பந்தில் முன்னதாகப் பட்டால், அது குஷனுக்குள் அழுந்தி வெளியே துள்ளும். குஷனில் மயிரிழை முன்னதாகப் பட்டால் பெரும்பாலும் பாதகமில்லை. பிழை நேருமானால் அது குஷன் பக்கமாகவே நேரட்டும்.

பந்தைப் போடுவது மட்டும் போதுமா? கியூ பந்து நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பழக வேண்டுமா?

சேர்த்தே பழக வேண்டும், ஆனால் எளிமையாக. கியூ பந்து சுழற்சியின்றி வழுக்கி வந்து மோதினால், இலக்குப் பந்து செல்லும் திசைக்குச் செங்குத்தாகப் பிரியும். இயல்பாக உருண்டு வந்து, கால் பந்துக்கும் முக்கால் பந்துக்கும் இடைப்பட்ட அளவில் மோதினால், தான் வந்த திசையிலிருந்து சுமார் 30 பாகை விலகிச் செல்லும். இந்த இரண்டையும் அறிந்தவருக்குக் கியூ பந்து போகும் வழியின் பெரும்பகுதி அடிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், நடத்திக் காட்டிய ஓர் ஆட்டத்தில் அமெரிக்கப் பூல் வீரர் வில்லி மாஸ்கோனி 526 பந்துகளை இடைவிடாமல் போட்டார். மற்றவர்கள் போட முடியாத பந்துகளைப் போடுவதால் மட்டும் அத்தகைய எண்ணிக்கை வருவதில்லை. அடுத்த பந்து அருகிலும் எளிதாகவும் அமையும்படி கியூ பந்தை நிறுத்திக்கொண்டே செல்வதால் வருகிறது. அதனால் உங்கள் நேர் ஷாட் பயிற்சியையே மூன்றாகப் பிரித்து, கியூ பந்து நிற்பது, ஒரு சாண் பின்வருவது, ஒரு சாண் முன்செல்வது என்று மாறிமாறி அடியுங்கள்.

எவ்வளவு நேரம், எந்த வரிசையில் பயிற்சி செய்ய வேண்டும்?

கவனம் சிதறாத 45 நிமிடம், கவனமில்லாத மூன்று மணி நேரத்தைவிட மேலானது. முதல் பத்து நிமிடம் நேர் ஷாட், அடுத்த இருபது நிமிடம் உங்களுக்குக் கடினமான இரண்டே இரண்டு ஷாட்டுகள், எஞ்சிய நேரம் ஆட்டம்போல் கலந்து அடித்தல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒரே ஷாட்டைத் தொடர்ந்து இருபது முறை அடித்தால் அன்றைக்கு விரைவில் கை பழகும். ஆனால் அந்தப் பழக்கம் விரைவிலேயே கரைந்துவிடும். வெவ்வேறு ஷாட்டுகளை மாற்றி மாற்றி அடித்தால் அன்றைய எண்ணிக்கை குறையும், ஆனால் கற்றது நெடுநாள் நிற்கும். பிழையைக் கண்டுபிடிக்க முதல் முறையையும், கண்டு திருத்தியதை நிலைக்கச் செய்ய இரண்டாம் முறையையும் பயன்படுத்துங்கள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

நினைவை நம்பாமல் எழுதி வையுங்கள். எனக்குப் பிடித்த அளவுகோல் இது: ஒரு ஷாட்டைப் போட்டால் கியூ பந்தை, மேசை விளிம்பில் சம இடைவெளியில் உள்ள டயமண்ட் குறிகளில் ஒன்று பின்னே நகர்த்துங்கள், தவறினால் ஒன்று முன்னே நகர்த்துங்கள். 9 அடி மேசையில் ஒரு டயமண்ட் இடைவெளி 12½ அங்குலம். பத்து ஷாட்டுகளுக்குப் பிறகு கியூ பந்து நிற்கும் குறியைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திறனுக்கேற்ற தூரத்தில் அது தானாகவே வந்து நிற்கும்.

தனியே ஆட்டம் ஆட விரும்பினால், ‘கோஸ்ட்’ என்னும் கற்பனை எதிராளியோடு ஆடலாம். பந்துகளைப் பிரேக் செய்து (முதல் அடியில் சிதறவிட்டு), கியூ பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து, வரிசையாகப் போடத் தொடங்குங்கள். ஒன்று தவறினாலும் அந்த ஆட்டம் எதிராளிக்கு. ஒன்பது பந்துகளோடு தொடங்க வேண்டாம். மூன்று பந்துகளில் தொடங்கி, பாதிக்கு மேல் வெல்லும்போது ஒரு பந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் விழும் பந்து போட்டியில் விழவில்லை. என்ன செய்வது?

பயிற்சியில் ஒரு விதமாகவும் போட்டியில் வேறு விதமாகவும் தயாராகிறீர்களா என்று பாருங்கள். சாக் தடவுதல், பின்னால் நின்று கோட்டைப் பார்த்தல், குனிதல், மூன்று ஒத்திகை வீச்சு, கடைசியாக இலக்குப் பந்தின்மீது கண்ணை நிறுத்தி அடித்தல் என்ற வரிசையை யாரும் பார்க்காத பயிற்சியிலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாற்றாமல் பின்பற்றுங்கள். பந்து விழும் ஒலி கேட்கும்வரை தலையை உயர்த்தாதீர்கள். போட்டியில் முதலில் கெடுவது அதுதான்.

விலை உயர்ந்த கியூ தேவையா?

தேவையில்லை, ஆனால் ஒரே கியூவைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். பக்கவாட்டில் அடிக்கும்போது கியூ பந்து விலகும் அளவு கியூவுக்குக் கியூ மாறுவதால், தினம் ஒன்றை எடுத்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. டிப் தட்டையாகத் தேய்ந்தோ பளபளவென்று இறுகியோ இருந்தால், மையத்தை விட்டுச் சற்று விலகி அடித்தாலே வழுக்கி ‘மிஸ்கியூ’ ஆகும். அதைச் சீராக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை கிடைக்காத நாட்களில் வீட்டில் பழக முடியுமா?

முடியும். சாப்பாட்டு மேசை ஒன்றில் நேர்கோடாக டேப் ஒட்டி, வாய் அகலமான வெற்றுப் பிளாஸ்டிக் புட்டியை அதன் முனையில் படுக்க வைத்து, பிரிட்ஜ் கையைக் கோட்டின்மேல் ஊன்றி, கியூவின் டிப் புட்டியின் வாய்க்குள் விளிம்பைத் தொடாமல் போய் வரும்படி மெதுவாக வீசிப் பழகுங்கள். ஐம்பது வீச்சில் எத்தனை முறை விளிம்பில் பட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிதானமான வேகத்தில் ஒருமுறைகூடப் படவில்லை என்றால், ஆட்டத்தில் அடிக்கும் வேகத்துக்குக் கூட்டி மறுபடி எண்ணுங்கள்.